ஃப்ரிட்ஜ்ல மேல கூலிங் இல்ல, கீழ ஐஸ் கல்லு மாதிரி இருக்கா? கேஸ் போடறதுக்கு முன்னாடி இத பாருங்க

வணக்கம் மக்களே, இன்னைக்கு வேளச்சேரில எங்க பெரியம்மா வீட்டு கிச்சன்ல இருந்து பேசறேன், பின்னாடி தெரியுதுல்ல, அதான் ஆளு. பாட்டம் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜ், அதாவது ஃப்ரீசர் கீழ, சாதாரண ஃப்ரிட்ஜ் பகுதி மேல. கொஞ்ச நாளா மேல பால் திரியுது, மாவு ஒரே நாள்ல புளிச்சு பொங்குது, ஆனா கீழ ஃப்ரீசர்ல ஐஸ் ட்ரே நல்லா கல்லு மாதிரிதான் இருக்கு. ஒரு மெக்கானிக் வந்து பாத்துட்டு போயிருக்கார், மேல் கதவ திறந்து கைய வச்சு பாத்தாராம், பின்னாடி ஒரு தட்டு தட்டினாராம், கேஸ் கம்மி ஆயிடுச்சும்மா ஃபில் பண்ணிரலாம்னு சொல்லி அட்வான்ஸ் கேட்ருக்கார். நல்லவேளை பெரியம்மா காசு குடுக்காம எனக்கு போன் பண்ணாங்க.

இத நான் ரொம்ப அழுத்தி சொல்லணும்னு நினைக்கிறேன். கீழ ஃப்ரீசர் நல்லா உறையுது, மேல மட்டும் கூலிங் வரல, அப்படின்னா முதல் சந்தேகம் கேஸ் மேல போகவே கூடாது. கேஸ் ஒண்ணும் வண்டி பெட்ரோல் இல்ல ஓட ஓட தீர்றதுக்கு, அது மூடின குழாய்க்குள்ள சுத்தி சுத்தி வருது, எங்கயாவது ஓட்டை விழுந்தாதான் குறையும். ஓட்டைய கண்டுபிடிச்சு அடைக்காம கேஸ் மட்டும் ஏத்தினா மறுபடி போயிரும், ஓட்டையே இல்லாத ஃப்ரிட்ஜுக்கு ஏத்தினா அது வீண் செலவு, அளவு மாறினா இருக்கற கூலிங்கும் கெடும். அதுவும் இப்ப வர்ற ஃப்ரிட்ஜ்ல நிறைய ஆர் 600 ஏ கேஸ், கம்ப்ரசர் மேல மஞ்சள் முக்கோணத்துல தீ படம் போட்டு ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, தீப்பிடிக்கிற கேஸ் அது, மொத்தமே 100 கிராமுக்குள்ளதான் இருக்கும் பெரும்பாலும், அத எடை போட்டு ஏத்தணும், குத்துமதிப்பா ஏத்தற வேலை இல்ல.

சரி, மேல ஏன் கூலிங் வரல? இந்த மாடல்கள்ல குளிர் உண்டாகறது ஒரே இடத்துலதான், கீழ ஃப்ரீசர் பின்பக்க பேனலுக்கு உள்ள ஒரு காயில் இருக்கு, அங்கதான். அதுக்கு மேல ஒரு சின்ன ஃபேன். அந்த ஃபேன்தான் குளிர்ந்த காத்த ஃப்ரீசர்லயும் தள்ளுது, ஒரு டக்ட், அதாவது காத்து போற பாதை வழியா மேலயும் ஏத்துது. குளிர்ந்த காத்து கனமானது, அது தானா மேல ஏறாது, தள்ளி விட்டாதான் போகும். ஃப்ரீசர் மேல இருக்கற ஃப்ரிட்ஜ்ல கூட ஃபேன்தான் காத்த தள்ளுது, ஆனா அங்க குளிர் கீழ இறங்கினா போதும், இதுல கீழ இருந்து மேல ஏத்தணும். அதனால ஃபேன் நின்னாலோ, டக்ட்ல ஐஸ் அடைச்சாலோ முதல்ல அடி வாங்கறது மேல் பகுதிதான், கீழ காயில் பக்கத்துலயே இருக்கறதால இன்னும் கொஞ்ச நாள் சமாளிச்சுக்கும்.

இப்ப என் கூட வாங்க. ஃப்ரீசர் கதவ திறக்கறேன், திறந்ததும் ஃபேன் சத்தம் நின்னுரும், நிறைய மாடல்ல அப்படித்தான். இந்த ஃப்ரேம்ல சின்ன பட்டன் ஸ்விட்ச் இருக்கு பாருங்க, அத விரலால அமுக்கி பிடிச்சா கதவு சாத்தியிருக்குன்னு நினைச்சு ஃபேன் ஓடணும். சில மாடல்ல பட்டனுக்கு பதிலா காந்தம் வச்ச சென்சார், அங்க ஒரு சின்ன காந்தத்த சரியான இடத்துல காட்டணும். கேக்குதா... உர்ர்ர்னு உரசற சத்தம். ஃபேன் இறக்கை ஐஸ்ல இடிக்குது. அடுத்தது கீழ் டிராயர முழுசா வெளிய எடுத்துட்டு தரைய பாருங்க, கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் பலகை, விரல் தடிமன் இருக்கு, பின் பேனல் அடி வரைக்கும் போயி அதுக்குள்ள புகுந்திருக்கு. டிராயர் இழுக்கறப்ப இறுக்கமா இருக்குன்னு பெரியம்மா சொல்லிட்டே இருந்தாங்க, காரணம் இதுதான்.

இந்த ஐஸ் பலகை எப்படி வந்துச்சு? ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்ல காயில் மேல பனி படியத்தான் செய்யும், அத அப்பப்ப ஒரு ஹீட்டர் தானா போட்டு உருக்கும். உருகின தண்ணி காயிலுக்கு கீழ இருக்கற தகரத்துல விழுந்து, ஒரு ஓட்டை வழியா, ஒரு குழாய் வழியா பின்னாடி கம்ப்ரசர் மேல இருக்கற ட்ரேக்கு போயி அங்க சூட்டுல ஆவியாயிரும். அந்த குழாய் அடைச்சா? தண்ணி போக வழி இல்லாம ஃப்ரீசர் தரைலயே நின்னு உறைஞ்சிரும், ஒவ்வொரு தடவ ஹீட்டர் போடும்போதும் இன்னும் கொஞ்சம் சேரும், கடைசில காயில், ஃபேன் எல்லாத்தையும் ஐஸ் முழுங்கிரும். மேல் ஃப்ரீசர் மாடலா இருந்தா இதே அடைப்புக்கு காய்கறி ட்ரேல தண்ணி சொட்டும், வீட்ல உடனே கண்டுபிடிச்சிருவாங்க, இதுல டிராயர் மறைச்சிருது, யாருக்கும் தெரியாது.

இப்ப இந்த ஐஸ உருக்கணும், அதுக்கு முதல்ல ப்ளக்க புடுங்கணும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, ப்ளக்க கைல எடுத்து கண்ணுல படற மாதிரி போட்ருங்க. சாமான் எல்லாத்தையும் எதிர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு குடுத்துட்டு ரெண்டு கதவையும் திறந்து வச்சு அடில பழைய துணி போட்டு ஒரு முழு நாள் விட்ருங்க. தண்ணி நிறைய வரும், நைட்டு யாராவது எந்திரிச்சு வழுக்கி விழுந்துராம பாத்துக்கங்க. அவசரப்பட்டு கத்தி, ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஐஸ கொத்தவே கொத்தாதீங்க, அந்த காயில் மெல்லிசான அலுமினிய குழாய், ஒரு குத்து போதும், அப்ப நிஜமாவே கேஸ் போயிரும், அதுவும் தீப்பிடிக்கிற கேஸ், பக்கத்துல அடுப்பு எரிஞ்சா என்ன ஆகும்? வேகமா ஆகணும்னா ஒரு பாத்திரத்துல வெந்நீர் ஊத்தி ஃப்ரீசர் உள்ள வைங்க, ஆறினா மாத்துங்க, அவ்ளோதான்.

இது மறுநாள். ஐஸ் முழுக்க உருகினதுக்கு அப்புறம்தான் பின் பேனல கழட்டணும், ஐஸ் பிடிச்சிருக்கும்போது இழுத்தா பிளாஸ்டிக் உடைஞ்சிரும். ஸ்க்ரூ சின்ன மூடிக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும், நகத்தால நெம்பினா மூடி வரும். பேனல் பின்னாடி ஃபேன் ஒயர் சாக்கெட் இருக்கும், அத கழட்டாம பேனல வேகமா இழுக்காதீங்க. இங்க தெரியுது பாருங்க, உருகின தண்ணி வெளிய போற ஓட்டை. சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணி எடுத்து ஊத்தறேன்... நிக்குது, இறங்கல. அப்ப அடைப்பு கீழ் முனைல. ஃப்ரிட்ஜ் பின்னாடி கம்ப்ரசர் பக்கத்து கவர கழட்டினா குழாயோட கடைசில ஒரு ரப்பர் வாய் இருக்கு, உதடு ஒட்டின மாதிரி மூடி இருக்கும், வெளிக் காத்து உள்ள வராம இருக்கறதுக்காக. அந்த உதட்டுக்குள்ள கருப்பா வழவழன்னு பாசி மாதிரி அழுக்கு சேர்ந்து ஒட்டிக்கிச்சு, தண்ணி அங்கயே நின்னு குழாய்ல மேல ஏறி, ஃப்ரீசர் பக்கம் உறைஞ்சிருக்கு. ரப்பர கழட்டி சோப்பு தண்ணில கழுவி திரும்ப மாட்டியாச்சு. இப்ப தண்ணி ஊத்தறேன், ட்ரேல சொட்டற சத்தம் கேக்குதா? ரொம்ப சந்தோஷமா இருக்கு.

கவர் திறந்திருக்கும்போதே இன்னொண்ணு, பின் கவர திரும்ப மாட்டாம விட்றாதீங்க, எலி உள்ள போயி ஒயர கடிக்கும், பல்லி போர்டுல விழுந்து ஷார்ட் ஆகும், நம்ம ஊர்ல இது நிறைய நடக்குது.

உங்க வீட்ல குழாய் அடைப்பு இல்ல, ஆனாலும் காயில் பூரா ஐஸ் கட்டியிருக்குன்னா ஹீட்டர் பக்கம் பாக்கணும். ப்ளக்க புடுங்கிட்டு மல்டிமீட்டர்ல ஹீட்டர் ரெண்டு முனைய பாருங்க, 230 வோல்ட்டுக்கு 150 வாட் ஹீட்டர்னா கிட்டத்தட்ட 350 ஓம் காட்டும், ஒண்ணுமே காட்டலன்னா அறுந்து போச்சு. அது கூடவே வரிசைல ஒரு ஃப்யூஸ் இருக்கும், அது போயிருந்தா அதே ரேட்டிங்ல புதுசு போடச் சொல்லுங்க, ஃப்யூஸ எடுத்துட்டு ஒயர டைரக்ட் பண்ணி விட்டா கண்டிப்பா ஒத்துக்காதீங்க, ஹீட்டர் நிக்காம எரிஞ்சா பிளாஸ்டிக் உருகும், பக்கத்துல இருக்கறது தீப்பிடிக்கிற கேஸ்.

நிஜமாவே கேஸ் கம்மியான்னு எப்படி தெரியும்னா அதுவும் அந்த காயில்லயே தெரியும். நல்ல ஃப்ரிட்ஜ்ல காயில் பூரா ஒரே சீரா மெல்லிசா வெள்ளப் பனி இருக்கும். கேஸ் குறைஞ்சா ஒரு ஓரத்துல மட்டும் பனி, மீதி எல்லாம் வெறுமனே ஈரமா இருக்கும். மெக்கானிக் கேஸ்னு சொன்னா பேனல கழட்டி இத காட்டச் சொல்லுங்க, தெரிஞ்ச ஆளா இருந்தா சந்தோஷமா காட்டுவார், அந்த மாதிரி ஆளுக்கு தாராளமா காசு குடுங்க.

இப்ப திரும்ப அதோட இடத்துல வைக்கணும், இங்கதான் எனக்கு மனசு கேக்கல. மாடுலர் கிச்சன் போடும்போது கார்பெண்டர் அளவெடுத்து ஃப்ரிட்ஜுக்கு கச்சிதமா ஒரு பெட்டி செஞ்சுட்டார், பாக்க அழகா இருக்கு, ரெண்டு பக்கமும் ஒரு விரல் கூட போகாது. பெரும்பாலான புது ஃப்ரிட்ஜ்ல சூடு வெளிய போறதே பக்கவாட்டு தகரம் வழியாத்தான், உள்ள குழாய் ஓடுது, அதனாலதான் பக்கம் தொட்டா சுடுது, அது ரிப்பேர் இல்ல. அந்த சூடு போக இடம் வேணும், பக்கத்துக்கு 5 சென்டிமீட்டராவது, பின்னாடியும் அதே அளவு, மேல 10 இருந்தா நல்லது, உங்க மேனுவல்ல இதுக்கு மேல சொல்லியிருந்தா அத கேளுங்க. நாங்க ஒரு பக்க ப்ளைவுட்ட எடுத்துட்டோம், பெரியம்மாக்கு கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் கதவு. பாட்டம் ஃப்ரீசர் வாங்கறவங்க கடைல இத பாக்கறதே இல்ல, ஃப்ரீசர் உள்ள டிராயர் இருக்கு, பல மாடல்ல கதவு 90 டிகிரி திறந்தா டிராயர் வெளிய வராது, கதவோட உள்பக்கம் இடிக்கும், அதுக்கு மேல திறக்கணும். செவுத்துல ஒட்டி கீல் பக்கம் இருந்தா கதைய முடிச்சுரும், கழுவக்கூட டிராயர எடுக்க முடியாது. வாங்கறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம் செவுறுன்னு யோசிச்சு, கதவு திசை மாத்த முடியற மாடலான்னு கேட்டுக்கங்க, மேல் கதவுல டிஸ்ப்ளே ஒயர் போற மாடல்ல பல சமயம் மாத்த முடியாது.

லெவல் பாக்கறது சுலபம், முன் கால் ரெண்டையும் திருகி முன்பக்கம் துளி தூக்கி இருக்கற மாதிரி வைங்க, கதவ பாதில விட்டா தானா போயி சாத்திக்கணும். சக்கரம் வச்ச பிளாஸ்டிக் ஸ்டாண்டு எனக்கு பிடிக்கல, கனமான டிராயர இழுக்கறப்ப ஃப்ரிட்ஜே ஆடுது. ரப்பர் பீடிங்குக்கு ஒரு 10 ரூபா நோட்ட கதவுல வச்சு சாத்தி இழுத்து பாருங்க, சுத்தி எல்லா இடத்துலயும் பிடிக்கணும், வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல சோப்பு தண்ணில துடைச்சுட்டு மறுபடி பாருங்க.

நாங்க இத நிமித்தியேதான் நகத்தினோம், அதனால கொஞ்ச நேரத்துல ஆன் பண்ணியாச்சு. படுக்க வச்சு வண்டில கொண்டு வந்திருந்தா ஒரு நாள் நிக்க விட்டு ஆன் பண்றது நல்லது, கம்ப்ரசர் ஆயில் குழாய்க்கு ஓடியிருக்கும், அது திரும்ப இறங்கணும். ஃப்ரீசர் மைனஸ் 18, மேல 4 டிகிரின்னு வச்சிருக்கேன். டிஸ்ப்ளேல காட்ற நம்பர முழுசா நம்பாதீங்க, ஒரு டம்ளர் தண்ணில தெர்மாமீட்டர போட்டு நடு தட்டுல ராத்திரி பூரா வச்சு காலைல பாருங்க, 3ல இருந்து 5க்குள்ள இருந்தா சரி.

பெரியம்மா மாவு தூக்க நடு தட்டுல பின்னாடி ஒட்டி வைக்கறாங்க, இதோ பாருங்க, அதுக்கு பின்னாடிதான் காத்து வர்ற ஜன்னல். பெரிய தூக்கு அத மூடிட்டா அந்தத் தட்டுக்கு கீழ எதுவும் குளிராது, தூக்குல பின்பக்க மாவு மட்டும் உறையும். ஒரு கை அளவு முன்னாடி தள்ளி வைங்க பெரியம்மா... ஆங், அப்படித்தான்.

ஸ்டெபிலைசர் வேணுமான்னு போன வீடியோல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உங்க ஃப்ரிட்ஜ் மேனுவல்ல எந்த வோல்ட்ல இருந்து எந்த வோல்ட் வரைக்கும் தாங்கும்னு போட்ருக்கும், உங்க ஏரியா கரண்ட் அதுக்குள்ள இருந்தா தேவை இல்ல, சாயங்காலம் லைட்டு டிம்மாகற ஏரியான்னா போட்ருங்க. எது எப்படியோ ஃப்ரிட்ஜுக்கு எர்த் இருக்கற தனி சாக்கெட் வேணும், மிக்ஸி, கிரைண்டரோட ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு கீழ் டிராயர எடுத்து தரை காஞ்சு இருக்கான்னு பாக்கச் சொல்லியிருக்கேன், மறுபடி ஐஸ் பிடிச்சிருந்தா ஹீட்டர கழட்டி அடுத்த வீடியோல காட்டறேன். வரட்டுமா.