ராஜா முன்னே, சிப்பாய் பின்னே

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் செஸ் போர்டு இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்று காய் போதும். வெள்ளை ராஜா எஃப்4-ல், வெள்ளைச் சிப்பாய் இன்னும் நகராமல் ஈ2-ல், கறுப்பு ராஜா ஈ6-ல். ஆட வேண்டியது வெள்ளை.

சேலத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நடந்த ஒரு போட்டியில், கடைசி ரவுண்டில் வந்த நிலை இது. வெள்ளை ஆடியது ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு சிறுமி. தொடக்கம் இத்தாலியன் என்ற ஓப்பனிங், இருவருமே மனப்பாடமாக ஆடினார்கள், அதை விட்டுவிடலாம். நடு ஆட்டத்தில் ஒரு சிப்பாயைச் சம்பாதித்து, அவசரப்படாமல் ஒவ்வொரு காயாக வெட்டி மாற்றி, கடைசியில் யானைகளையும் மாற்றி இங்கே வந்து சேர்ந்தாள், அதுவரை அருமையான ஆட்டம். அடுத்து சிப்பாயை ஒரே தாவலில் ஈ4-க்குத் தள்ளினாள். பையன் ராஜாவை எஃப்6-க்கு நகர்த்தினான். அவ்வளவுதான், டிரா. "ராஜாவ ஈ4-ல வச்சிருந்தா நான் தோத்திருப்பேன்க்கா" என்று அவனே காய்களைத் திரும்ப அடுக்கிக் காட்டினான்.

அவன் சொன்னது முழுக்கச் சரி. சிப்பாய் ஈ2-ல் இருக்கும்போது வெள்ளை ராஜா டி4, ஈ4, எஃப்4 இவற்றில் எதில் நின்றாலும் சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரை கொண்டுபோய் ராணியாக்கிவிடலாம், வெற்றிதான், முறை யாருடையது என்பதே முக்கியமில்லை. அவள் ராஜா ஏற்கெனவே எஃப்4-ல் நிற்கிறது! சிப்பாய் ஈ4-க்கு ஏறியதும் அந்தக் கட்டங்களும் டி6, ஈ6, எஃப்6 என்று மேலே போய்விடுகின்றன. அங்கே கறுப்பு ராஜா ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் மறிக்கிறது, விலக வேண்டியது வெள்ளை, கோச்சுகள் ஆப்போசிஷன் என்பது இதைத்தான்.

ராஜா ஈ4-க்கு வந்திருந்தால் விலக வேண்டியது கறுப்பு. அது டி6 போனால் வெள்ளை எஃப்5, எஃப்6 போனால் டி5. கறுப்பு எப்போதாவது எதிரே வந்து மறித்தாலும், முந்தானையில் முடிந்து வைத்த காசு மாதிரி சிப்பாயின் நகர்வு ஒன்று கையிருப்பில் இருக்கும், அதை ஆடினால் முறை மாறிவிடும்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் செஸ் உலகப் பட்டம் முடிவானதும் இந்த மாதிரி இடத்தில்தான். 14-வது ஆட்டம், 55-வது நகர்வில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவர, குகேஷ் யானையையும் பிஷப்பையும் மாற்றி, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும்படி செய்தார். மூன்றே நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் நம் ஊரில் பிள்ளைகளுக்கு ஓப்பனிங்கைத்தான் பக்கம் பக்கமாகப் புகட்டுகிறோம், பெற்றோர் கேட்பதும் அதைத்தான், எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

இன்று ராத்திரி பிள்ளையை வெள்ளை ஆடச் சொல்லிவிட்டு நீங்கள் கறுப்பு ஆடுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள். சிப்பாயை சி, டி வரிசைகளிலும் வைத்துப் பாருங்கள். ஏ, எச் ஓரங்களில் மட்டும் கணக்கு வேறு: கறுப்பு ராஜா சிப்பாய்க்கு முன்னால் இருக்கும் மூலைக்குள் புகுந்துவிட்டால் யாராலும் ஜெயிக்க முடியாது.