பொதுத்திரையின் முன் மிகைமெய்ம்மை: ஓர் ஆய்வு மாணவரின் முதல் அனுபவம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கண்முன் உள்ள மெய்க்காட்சியின்மேல் கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டும், ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகைமெய்ம்மையை ஆய்வுக்கூட மேசையின் மீது மட்டுமே கையாண்டுவந்த நான், மக்கள் நடமாடும் கூடமொன்றில் நிறுவப்பட்ட பெரிய பொதுத்திரையோடு அதை முதன்முறையாக இணைத்துப் பார்த்தபோது கற்றதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கைப்பேசியின் கேமராவைத் திரையை நோக்கிப் பிடித்தால், திரையில் தெரியும் கட்டட வரைபடம் முப்பரிமாண மாதிரியாக எழுந்து நிற்க வேண்டும் என்பதே எங்கள் முயற்சி.

மெய்யும் கணினி உருவமும் கலத்தல், உடனுக்குடன் ஊடாடுதல், முப்பரிமாண வெளியில் இரண்டும் பொருந்துதல் ஆகிய மூன்றையும் மிகைமெய்ம்மையின் பண்புகளாக ஆய்வாளர் ரொனால்ட் அசுமா 1997-இல் வகுத்தார். இவற்றுள் கடினமானது மூன்றாவதே. 1968-இல் கணினி அறிவியலாளர் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய, தலையில் அணியும் திரையில், பார்ப்பவரின் தலை அசைவைக் கூரையிலிருந்து தொங்கிய இயந்திரத் தண்டு அளந்தது. இன்று அந்த வேலையைக் கைப்பேசியின் கேமராவும் அசைவுணரிகளும் செய்கின்றன. ஆனால் கேமராவுக்குப் பற்றிக்கொள்ள மாறாத ஏதாவது ஒன்று வேண்டும். அச்சடித்த சுவரொட்டியில் உள்ள மூலைகளையும் விளிம்புகளையும் அடையாளப் புள்ளிகளாகக் கொண்டு, கைப்பேசி எங்கே இருக்கிறது என்பதை மென்பொருள் கணித்துவிடும். பொதுத்திரையிலோ படம் ஓடிக்கொண்டேயிருக்கிறது. காட்சி மாறியவுடன் அந்தப் புள்ளிகள் மறைந்துவிடுவதால், எழுந்து நின்ற கட்டடம் நடுங்கிச் சரிந்துவிடும். போதாததற்கு, திரையின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தான் ஏற்கும் ஒளியைக் குறைத்துக்கொள்ள, சுற்றியுள்ள சுவரெல்லாம் இருண்டுவிடும். கண்ணாடியில் பிரதிபலிக்கும் விளக்குகளையும் மென்பொருள் அடையாளப் புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும். திரையைச் சுற்றி மாறாத வடிவங்கள் கொண்ட சட்டம் ஒன்றைப் பொருத்தியதும், எந்தக் காட்சி ஓடுகிறது என்பதைத் திரையே கைப்பேசிக்குத் தெரிவிக்கச் செய்ததும் பெரிதும் கைகொடுத்தன.

இவை தொழில்நுட்பச் சிக்கல்கள், தீர்வு உண்டு. என்னை அதிகம் சிந்திக்கவைத்தவர்கள் அங்கே நடந்துபோன மனிதர்களே. பொதுத்திரையில் விளம்பரம்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் மக்கள் அதைப் பாராமலே கடந்துவிடுகிறார்கள் என்பதை யோர்க் முல்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009-இல் எடுத்துக்காட்டினர். இதற்கு நேர்மாறாக, ஒருவர் திரையோடு ஈடுபடுவதைக் கண்டு மற்றவர்களும் கூடுவதை 2003-இல் பிரிக்னல், ரோஜர்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் விவரித்திருந்தனர். ஆகவே கூட்டம் கூட்டத்தை அழைக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஆனால், ஒருவர் கைப்பேசியைத் திரைக்கு நேரே உயர்த்தியதும் அருகில் வந்தவர்கள், அவர் எடுக்கும் புகைப்படத்துக்குக் குறுக்கே போகக் கூடாது என்று எண்ணி, மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். கூட வந்த நண்பரோ, "என்ன தெரிகிறது?" என்று கேட்டுத் தோளின்மேல் எட்டிப் பார்த்தார், அவர் கண்ணுக்குத் திரையில் தட்டையான வரைபடம்தான் தெரிந்தது.

சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பலர் சேர்ந்து பார்ப்பது பொதுத்திரையின் வலிமை. கைப்பேசி வழியே வரும் மிகைமெய்ம்மையோ ஒருவரின் கைக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டையும் வெறுமனே ஒட்டவைத்தால் திரை தன் வலிமையை இழக்கிறது. எனவே, ஒருவர் எந்தப் பகுதியை உற்றுநோக்குகிறாரோ அந்தப் பகுதி பெரிய திரையிலும் ஒளிர வேண்டும். மாதிரியை அவர் திருப்பினால் அதன் நிழலாவது எல்லோருக்கும் தெரியும்படி திரும்ப வேண்டும். தனிப்பட்ட தேடலும் விவரங்களும் மட்டும் கைப்பேசியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உயர்த்திய கேமராவில், இந்த ஆய்வுக்கு இசைவு தராத வழிப்போக்கர்களின் முகங்களும் விழுகின்றன. படத்தைச் சேமிக்காமல், கருவிக்குள்ளேயே கணித்து உடனே அழித்துவிடும் முறையைத்தான் நாங்கள் தேர்ந்துகொண்டோம். வெளிக் கணினிக்கு அனுப்பியிருந்தால் கணிப்பு இன்னும் துல்லியமாக அமைந்திருக்கலாம்; அந்தத் துல்லியத்துக்காக அவர்களின் முகங்களை எடுத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை.