கர்ப்பிணியின் கழுத்தும் நம் அடுப்படி உப்பும்

(சமுதாய வளைகாப்பு விழாவில் ஆற்றிய உரை)

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பந்தல் போட இடம் தந்த தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து வெயிலில் அலைந்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அவர்களே, அங்கன்வாடிச் சகோதரிகளே, கை நிறைய வளையலோடு முன்வரிசையில் இருக்கும் என் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி பற்றி மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்: பரிசோதனை, மாத்திரை, பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு. அதற்கு முன்னால் ஒரு பழமொழி. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

முதல் மூன்று மாதம் கருவுக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. மூளை வளரத் தேவையான ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போகவேண்டும். அம்மாவின் சுரப்பி அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போய், நாமும் கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், குறைமாதத்தில் வலி வரலாம், பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். சோர்வு, மலச்சிக்கல், வீக்கம் எல்லாவற்றையும் ‘மாசமா இருந்தா அப்படித்தான்’ என்று தள்ளிவிடுகிறோம். அங்கேதான் ஆபத்து.

எங்கள் தெருவில் ஒரு பெண், தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவாள். ‘பொம்பளப் பிள்ளைதான், அதான் அசத்துது’ என்றார் மாமியார். ‘இல்லை, ஆம்பளப் பிள்ளை’ என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பால்காரர் வரைக்கும் ஆளுக்கொரு ஜோசியம். அவள் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். டாக்டர் அளவைக் கூட்டியும் ரத்தத்தில் டிஎஸ்எச் இறங்கவில்லை. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறுகிற எண் அது. ஒருநாள் செவிலியர் வீட்டுக்கே போய், ‘மாத்திரையை எப்படிம்மா சாப்பிடுற, காட்டு’ என்றார். ஒரு எவர்சில்வர் டப்பா வந்தது. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை எல்லாம் அதற்குள்ளே. மாமியார் தினமும் பாசமாக ஒவ்வொன்றாக எடுத்து மருமகள் உள்ளங்கையில் வைத்து, கூடவே ஒரு டம்ளர் சூடான காபியும் கொடுப்பாராம். செவிலியர் தலையில் கைவைத்துக்கொண்டார். இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது; காபியும் கெடுக்கும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால் விழுங்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் இடைவெளி. அன்றைக்கே ஒரு டப்பா மூன்று டப்பா ஆனது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கிவிட்டது!

சரி, பரிசோதனை. மத்திய அரசு 2014-லேயே இதற்கு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு இருந்தாலோ, முன்பு கரு கலைந்திருந்தாலோ, கர்ப்பம் பதியும்போதே டிஎஸ்எச் பார்க்கக் கேளுங்கள்.

அப்புறம் உப்பு. தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். கர்ப்பிணிக்கு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற பெரியவர்களுக்கு 150 போதும். எல்லாத் தைராய்டும் அயோடின் குறைவால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதும் உண்டு, அதற்கு மாத்திரைதான். ஆனால் உப்பு நம் கையில் இருக்கிறதே! 1950-களில், இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 2006 முதல் அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கவே கூடாது. அப்படியிருந்தும் தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கியே கிடக்கிறது. தூத்துக்குடியில் மலைமலையாக உப்பு விளையும் மாநிலம் இது!

இதோ, கடைத்தெருவில் வாங்கிய கல் உப்பு. சோதனைச் சொட்டு விடுகிறேன். நிறம் மாறவில்லை, பாருங்கள். இது அயோடின் கலந்த பாக்கெட் உப்பு. ஊதாவாகிவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றார்கள். அயோடின் இல்லாத உப்பையும் அந்தக் குப்பையிலேயே சேர்க்கச் சொல்கிறேன். அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். அளவு அதே, உப்பு மட்டும் மாறட்டும். மூடிய டப்பாவில், அடுப்புச் சூடு படாமல் வையுங்கள்.

தலைவர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம். நம் ஊர்க் கடைகளில் சமையலுக்கு அயோடின் உப்பு மட்டுமே விற்க வேண்டும் என்று வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் தைராய்டு பற்றிச் செவிலியர் அவர்கள் சொல்வார்கள். எனக்கு நேரம் முடிந்துவிட்டது. அந்த உப்புத் தீர்மானம் கேட்கும் மனு பந்தி வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு இலைக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.