கல்லூரியை அல்ல, படிப்பைத் தேடுங்கள்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். தனியார் கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இணையவழிப் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறவர்கள் பணம் கட்டுமுன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அண்மையில் செந்தூலில் வசிக்கும் ஒரு தாயார், தம் மகனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைக் காட்டினார். மகனுக்கு 23 வயது, ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துக் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறார். வணிக நிர்வாகப் பட்டத்தை வீட்டிலிருந்தபடியே படிக்கலாம், அன்று மாலைக்குள் பதிவுக் கட்டணம் 800 வெள்ளியைச் செலுத்தினால் கழிவு உண்டு என்று அதில் எழுதியிருந்தது. கீழே பொன்னிற முத்திரையும், உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசிய அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் எழுத்துகளும் இருந்தன. முகவர் அனுப்பிய இணைப்பைத் தொடாமல், அம்மாவின் கைப்பேசியிலேயே, எம்.கியூ.ஏ. அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலான மலேசியத் தகுதிப் பதிவேட்டை நாங்களாகத் தேடித் திறந்தோம். கல்லூரியின் பெயர் இருந்தது. அதன் கீழ் இரண்டு டிப்ளோமா படிப்புகள் இருந்தன. அந்தப் பட்டப்படிப்பு இல்லை.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட எம்.கியூ.ஏ., கல்லூரிக்கு மொத்தமாக ஒரு சான்று கொடுத்துவிடுவதில்லை. ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியே ஆராய்ந்து அங்கீகரிக்கிறது. ஒரே படிப்பு வகுப்பறையில் ஒரு முறையிலும் தொலைநிலையில் வேறொரு முறையிலும் நடந்தால், தொலைநிலை முறைக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். பதிவெண்ணில் பி.ஏ. (PA) என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்.ஏ. (FA) என்றிருந்தால் முழு அங்கீகாரம். முதல் அணி மாணவர்கள் இறுதிக் கட்டத்தை எட்டும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கான மதிப்பீடு நடக்கும் என்பதால், புதிய படிப்பு பி.ஏ. நிலையில் இருப்பது மோசடி ஆகாது. ஆனால் முதல் அணி முடித்துச் சென்ற பிறகும் அதே நிலையில் இருந்தால், காரணத்தைக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த நாட்டு அரசின் பதிவேட்டில் பாருங்கள். "அனைத்துலக அங்கீகார மன்றம்" போன்ற கம்பீரமான பெயர்களை நம்பிவிடக் கூடாது. கராச்சியில் இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான போலிக் கல்வி இணையத்தளங்களை நடத்தியதாக 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அந்தப் போலிப் பல்கலைக்கழகங்களுக்குச் சான்றளித்த அங்கீகார அமைப்புகளும் போலியாகவே இருந்தன. பட்டத்தை விற்றவர்களே சான்றையும் தயாரித்தார்கள் என்பதை நினைக்கும்போது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை அவர்களிடம் கொடுத்த குடும்பங்களுக்காக மனம் பதறுகிறது.

உயர்கல்விக்கு அரசு வழங்கும் பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா என்ற கேள்வியும் பயன்படும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அந்தக் கடன் கிடைக்காது. "கடன் எதற்கு, மாதத் தவணையில் கட்டலாம்" என்று முகவர் பேச்சை மாற்றினால், ஏன் கிடைக்காது என்று விடாமல் கேளுங்கள்.

வேலை அனுபவம் இருந்தால் போதும், சில வாரங்களில் பட்டம் வந்துவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். முன் அனுபவத்தையும் கற்றலையும் மதிப்பிடும் ஏபல் (APEL) என்ற முறை நம் நாட்டில் உண்மையிலேயே உண்டு. ஆனால் 21 வயது கடந்து, தொடர்புடைய பணி அனுபவமும் இருப்பவர்கள், முறையான மதிப்பீட்டில் தேறி இளங்கலைப் படிப்பில் சேர்வதற்கான வாசலாகவே பெரும்பாலும் அது பயன்படுகிறது. சேர்ந்த பிறகு மற்றவர்களைப் போலவே படித்துத் தேர்வு எழுத வேண்டும்.

அந்தத் தாயார் என் முன்னிலையிலேயே முகவரை அழைத்து, பட்டப்படிப்பின் எம்.கியூ.ஏ. எண்ணைக் கேட்டார். மறுநாள் அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவே இல்லை. 800 வெள்ளி தாயாரின் கையிலேயே இருக்கிறது. மகன் இப்போது ஏபல் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளையும் பினாங்கு வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளையும் அதே பதிவேட்டில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.