தடைக்காலத்தில் தொடங்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரை நெடுகக் கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாக்களே, அக்காக்களே, கடலுக்குப் போகிற அண்ணன் தம்பிகளே, இன்று குடிநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

தவக்காலத்துக்காகக் குடியை விட்டவர், மாலை போட்டு விட்டவர், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விட்டவர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் மனசில் பொய்யில்லை. ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும். டீ கிளாஸைப் பிடித்தால் பாதி சிந்திவிடும். வலை ஊசியில் நூலைச் சுற்ற வராது. வியர்க்கும், வாந்தி வரும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். அதற்கடுத்த நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார்.

இதைக் காத்துக் கறுப்பு என்று நினைத்துக் கட்டிப்போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து கட்டிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதைப் பார்த்த கரை இது. புத்தித் தடுமாற்றத்தைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். டயசிபாம் வகை மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். விலை அதிகமான மருந்துகளும் அல்ல. இதே வலிப்பு தங்கலுக்குப் போன படகில், நடுக்கடலில் வந்தால் யார் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. ‘அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ என்று பொடி விற்கிறார்கள். தாய்மார்கள் வேறு வழி தெரியாமல் வாங்கிக் குழம்பில் கலக்கிறார்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பொடியில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அது உடம்புக்குள் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, ஆளே போய்விடலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. சாப்பிடுகிறவர் சம்மதித்து, மருத்துவர் சோதித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. சோற்றில் மறைத்து வைக்கவே கூடாது.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், ஏப்ரல் 15 என்பேன். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும். கையில் வேலையில்லாமல் குடி கூடுகிற காலம் அதுதான். சிகிச்சைக்கு இதைவிடத் தோதான காலமும் கிடையாது. முதல் வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கை. மீதி நாட்களில் குடிக்கத் தூண்டும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள், வாரா வாரம் ஆலோசனை. நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் நாம் விரட்டிவிடுவதில்லையே, மருந்தைத்தானே மாற்றுகிறோம்!

அரசிடமும் ஒன்று கேட்கிறேன். 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம். 2023-24இல் அதில் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வோ, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்தது என்கிறது. அந்தப் பணத்தில் துளியளவு ஒதுக்கினாலே, தடைக்கால இரண்டு மாதமும் கடலோர அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் சில படுக்கைகள் போட்டுவிடலாம்.

கஞ்சா, மாத்திரை என்று சிக்கிய பிள்ளைகளின் பெற்றோர் போலீசுக்குப் பயந்து மறைக்கிறார்கள். போதைக்கு அடிமையாகி, சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சையை முடித்தால், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது.

ஆலோசனைக்கு 14446, கட்டணமில்லா எண். வலிப்போ தடுமாற்றமோ வந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். எத்தனை வருஷமாகக் குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை ஆம்புலன்சில் வருகிறவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.