செதில் உதிரும் தோலும் லயம் சுற்றும் டியூபும்

(இலங்கையின் ஹட்டனில் தேயிலைத் தோட்டச் சமூகத்தினருக்காக நடைபெற்ற சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தோட்ட மருத்துவ உதவியாளர்களே, பிள்ளை மடுவத்துப் பொறுப்பாளர்களே, ஆசிரியர்களே, மலையிலிருந்து இறங்கி நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தோல் வறண்டு, வெளுத்து, செதில் செதிலாக உரியும்போது நாம் கேட்கும் முதற் கேள்வி "இதற்கு என்ன பூசலாம்?" என்பதாகவே இருக்கிறது. அதற்கு முன் கேட்க வேண்டிய "இது என்ன?" என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. செதில் என்பது ஓர் அறிகுறி மட்டுமே. வெறும் வறட்சி, கரப்பான், படர்தாமரை, சொரியாசிஸ், தொழுநோய் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நிலைகள் அந்த ஒரே தோற்றத்தில் நம் முன் வந்து நிற்கக்கூடும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகலாம்.

முதலில் தோலின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். தோலின் மிக வெளியிலுள்ள படலம் ஒரு தாளை விட மெல்லியது. அதில் இறந்த உயிரணுக்கள் 15 முதல் 20 வரையான அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. லயத்து வரிசை வீடுகளின் கருங்கற் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து இருப்பது போல, இந்த உயிரணுக்களுக்கு இடையே செரமைட், கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலங்கள் ஆகிய கொழுப்புப் பொருள்கள் நிரம்பி, உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலிருந்து கிருமியும் இரசாயனமும் புகாமலும் காக்கின்றன. அடியில் தோன்றும் உயிரணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அது தனித்தனியாக உதிர்வதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை. படலத்தில் ஈரம் குறைந்தால் உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய முடியாமல் கூட்டமாக ஒட்டிக்கொண்டு உரிகின்றன. நாம் செதில் என்று காண்பது இதைத்தான்.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. குளிர்ந்த காற்று குறைந்த அளவு நீராவியையே தாங்கும். அந்தக் காற்று அடுப்படியில் சூடாகும்போது இன்னும் வறண்டுபோய், கிடைக்கும் இடத்திலிருந்தெல்லாம், நம் தோலிலிருந்தும், ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. குளிருக்கு இதமாக நாம் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் வெந்நீரும், உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத்தையே உடம்புக்கும் தேய்க்கும் வழக்கமும் மிச்சமிருக்கும் கொழுப்பைக் கரைத்து விடுகின்றன. ஆரோக்கியமான தோல், அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பீஎச் அளவில் 5ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை உடையது. சாதாரண சவர்க்காரமோ 9, 10 என்ற காரத்தன்மை உடையது.

ஆகவே முதல் சிகிச்சை குளிக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. வெதுவெதுப்பான நீரில் குறைந்த நேரம் குளித்து, அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் சவர்க்காரம் இட்டு, துவாயால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முற்றாக உலர்வதற்குள் வாசலின் போன்ற பெற்றோலியம் ஜெலியையோ தேங்காய் எண்ணெயையோ பூசிக்கொள்ள வேண்டும். இவை தோலுக்குள் நீரைச் சேர்ப்பதில்லை, இருக்கும் நீரைப் போகவிடாமல் மூடுகின்றன. அதனாலேயே காய்ந்த தோலில் மத்தியானம் பூசுவதை விடக் குளித்தவுடன் பூசுவது பலனளிக்கிறது. விலை குறைவு என்பதாலேயே மதிப்பிழந்துபோன மருந்து இது. விலை கூடிய ஒலிவ் எண்ணெய் இந்தக் காரியத்துக்கு இதைவிட உகந்ததன்று. தடித்து வெடித்த குதிகாலுக்கு யூரியா கலந்த களிம்பு நல்லது. யூரியா என்றதும் சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் சொல்வது பாமசியில் அளவோடு கலந்து விற்கும் களிம்பை. உர மூட்டையில் இருப்பதை அள்ளிப் பூசிக்கொண்டு யாரும் என் பெயரைச் சொல்லிவிட வேண்டாம்.

கொழுந்து பறிக்கும் கைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. விடியற்காலைப் பனியில் நனைந்த கொழுந்தை நாள் முழுதும் கிள்ளும் விரல்கள் நனைந்து காய்ந்து, மீண்டும் நனைந்து காய்கின்றன. தொடர்ந்து ஈரத்தில் இருப்பதும் தோலை வறட்டும் என்பது கேட்பதற்கு முரணாக இருந்தாலும் உண்மை. ஒவ்வொரு நனைப்பும் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள அந்தச் சாந்தில் கொஞ்சத்தைக் கொண்டுபோகிறது. வெடித்த இடத்தில் கொழுந்துச் சாறு ஏறிக் கருத்துவிட, அந்தக் கறையைப் போக்க மாலையில் பிரஷ்ஷாலும் கல்லாலும் தேய்த்து வெடிப்பை மேலும் ஆழமாக்குகிறோம். கறை இருந்துவிட்டுப் போகட்டும். இரவில் தடிப்பாக வாசலின் பூசிப் பழைய பருத்திக் காலுறையைக் கைக்கு மாட்டிக்கொண்டு உறங்குவது, நான் அறிந்தவரை, எந்தத் தைலத்தையும் விட மேலானது. உரம் போடும் நாளிலும் மருந்து தெளிக்கும் நாளிலும் கையுறை கேட்பது உங்கள் உரிமை.

இனி அந்த டியூபுக்கு வருகிறேன். ஒரு வீட்டில் வாங்கிய பூச்சு மருந்து லயத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடி வரை கைமாறுவதை நீங்கள் அறிவீர்கள். "ரெண்டு பூச்சுல போயிருச்சு அக்கா, நீங்களும் போட்டுப் பாருங்க" என்ற அன்பான வார்த்தையோடு அது பயணம் செய்கிறது. இரண்டு பூச்சில் அரிப்பு அடங்குமானால் அந்த டியூபில் பெரும்பாலும் அழற்சியை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து இருக்கும். கரப்பானுக்கு அது சரியான மருந்துதான். வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசினால் அஞ்ச வேண்டியதில்லை. சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கிய அளவு ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவர்களின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஆனால் அதே களிம்பைப் படர்தாமரையில் பூசினால், பூஞ்சையை எதிர்க்கும் தோலின் ஆற்றலை அது அடக்கிவிடும். அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும், வட்டத்தின் விளிம்பு மங்கும், பூஞ்சை மட்டும் சத்தமின்றிப் பரவும். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய் தெரிந்து, பரு கிளம்பும். குளோபெட்டசோல் மிக வலிமையான ஸ்டீரொய்ட். குளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து. காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும் இவ்விரண்டும் வேலையில் ஒன்றுக்கொன்று எதிரானவை. என்னைக் கேட்டால், மலையகத்துத் தோலுக்குப் பனியை விடப் பெரிய கேடு செய்வது இந்த டியூப்தான்.

படர்தாமரையை அடையாளம் காண்பது பெரும்பாலும் கடினமன்று. வட்டமாகப் பரவும், விளிம்பு மேடிட்டுச் செதிலோடு இருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். மழைக்காலத்தில் இடுப்பில் இறுகக் கட்டிய படங்கின் கீழ் வியர்வையும் ஈரமும் தேங்குவதால் அங்கும் தொடையிடுக்கிலும் அது விரும்பிக் குடியேறுகிறது. குளோட்ரிமசோல் களிம்பை விளிம்புக்கு வெளியேயும் சற்றுத் தள்ளி, நாளுக்கு இருமுறை பூசி, மறைந்த பின்னும் ஓரிரு வாரங்கள் தொடர வேண்டும். மறைந்த அன்றே நிறுத்துவதால்தான் அது திரும்புகிறது. ஈர உடுப்பை அப்படியே உடுத்துவதையும் துவாயைப் பகிர்ந்துகொள்வதையும் நிறுத்தினால்தான் மருந்து நிலைக்கும்.

பிள்ளைகளின் கன்னத்தில் இலேசான செதிலோடு தோன்றும் வெளிறிய திட்டுகள் வேறு. அவை வயிற்றுப் பூச்சியாலோ கல்சியம் குறைந்ததாலோ வருவதில்லை. வயிற்றுப் பூச்சிக்கான மருந்தை உரிய காலத்தில் கொடுப்பது நல்லதே, ஆனால் அது கன்னத்துக்கான வைத்தியமன்று. வாசலின் பூசி வந்தால் மாதங்கள் சென்று தானாக மறையும். வருத்தம் தருவது வேறொன்று: கரப்பான் என்று சொல்லி முட்டையையும் கருவாட்டையும் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறோம். 2016 ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை சுகாதார அளவையில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17 சதவீதமாக இருக்க, தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 சதவீதமாக இருந்தனர். அப்படிப்பட்ட பிள்ளையிடமிருந்து, வைத்தியர் ஆராய்ந்து சொல்லாமல், ஒரு முட்டையைக்கூடப் பறிக்க நமக்கு உரிமையில்லை.

முழங்கை, முழங்கால், உச்சந்தலை ஆகிய இடங்களில் வெள்ளி நிறத் தடித்த செதில் படிந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். நான்கு வாரத்தில் நடக்க வேண்டிய உயிரணுப் புதுப்பிப்பு அங்கே சில நாட்களில் நடந்துவிடுவதால் செதில் குவிகிறது. அது தொற்றாது, கலியாணப் பேச்சை அதற்காக முறிப்பது அநியாயம். இரவில் வீட்டிலுள்ள எல்லோரும் சொறிந்தால், விரலிடுக்கில் சிறு கொப்புளம் இருந்தால், அது சொறிப்பூச்சி. அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் தீராது. இன்னொன்று: ஆங்கிலப் புத்தகங்களில் இந்நோய்கள் எல்லாம் சிவப்பாகவே காட்டப்பட்டிருக்கின்றன. நம் நிறத்தில் அந்தச் சிவப்பு கருமையாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோதான் தெரியும். சிவக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

நம்மைத் தொல்லைப்படுத்தாத திட்டைப் பற்றி இப்போது சொல்கிறேன். அரிக்காது, வலிக்காது, வெளிறியோ செம்பு நிறத்திலோ இருக்கும், அங்கே தோல் வறண்டு, வியர்வை நின்று, மயிர் உதிர்ந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால், தொட்டது தெரியவில்லை என்பார்கள். உணர்ச்சி குன்றிய அந்தத் திட்டு தொழுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். 10,000 பேருக்கு ஒரு நோயாளி என்ற அளவுக்குக் கீழே இலங்கை 1995 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்றாலும், இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர்; அவர்களுள் பிள்ளைகளும் இருக்கின்றனர். மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ விழுங்க வேண்டும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. தாமதித்தால் நரம்பு கெட்டு விரல் மடங்கும். அதை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது. தேமல் என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் ஒதுக்கிவிடுவதுதான் ஆபத்து. அரிக்கும் திட்டுக்கு ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். அரிக்காமல் மரத்துப்போன திட்டை அந்த வாரத்திலேயே காட்டிவிட வேண்டும்.

நுவரெலியா, பதுளை, கண்டி ஆகிய இடங்களின் பெரிய வைத்தியசாலைகளில் தோல் நோய் கிளினிக் இருக்கிறது. தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடுமே என்று தயங்குபவர்கள், பேர் போன அந்த நாளைப் பயனுள்ளதாக்க இரண்டு காரியம் செய்யுங்கள். பூஞ்சை உண்டா என்று தோலைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்க்க வேண்டிவரலாம் என்பதால், அன்று காலை அந்த இடத்தில் எதையும் பூசாமல் செல்லுங்கள். இதுவரை பூசியவை அனைத்தையும், பிதுக்கித் தீர்ந்த டியூபானாலும், பெயர் அழிந்த பெட்டியானாலும், ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று வைத்தியரின் மேசையில் வையுங்கள்.