ஹாப்ஸ் கொடிக்கு ஒரு கொழுகொம்பு

வணக்கம் நேயர்களே. பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸை இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. வெயில், எரு, கோடையில் தாராளமாகத் தண்ணீர், அவ்வளவுதான். குளிர்காலத்தில் கொடி காய்ந்துபோகும். வேர் பல வருஷம் இருந்து வசந்தந்தோறும் துளிர்க்கும். வாங்கும்போது பெண் செடியா என்று கேட்டுக்கொள்ளுங்கள், நமக்கு வேண்டிய பூ அதில்தான்.

சிக்கலெல்லாம் கொழுகொம்பில். ஒரே பருவத்தில் ஐந்தாறு மீட்டர் ஏறிவிடும். ஆகஸ்ட் மழையில் நனைந்து, இலையும் பூவுமாகக் கனத்து நிற்கும்போது காற்றடித்தால், அவரைக்கு ஊன்றுகிற மூங்கில் குச்சியெல்லாம் சாய்ந்துவிடும். நாலைந்து மீட்டர் மரக்கம்பத்தை ஆழமாக நட்டு, உச்சியில் ஒரு கப்பி மாட்டுங்கள். அறுவடை அன்று கொடியைக் கயிற்றோடு இறக்கிவிடலாம், ஏணி ஏற வேண்டாம்.

கயிறு என்றால் நைலான் வேண்டவே வேண்டாம். பாகலுக்குப் பற்றுக்கம்பி உண்டு, இதற்குக் கிடையாது. தண்டைத் தடவிப் பாருங்கள்: ஆறு விளிம்பு, விளிம்பெல்லாம் கீழ்நோக்கி வளைந்த பொடிக் கொக்கிகள். அரம் மாதிரி கையைச் சிராய்க்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கொக்கி பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். அதற்குத் தென்னைநார்க் கயிறுதான் லாயக்கு. இங்கிலாந்தின் கென்ட் பகுதி ஹாப்ஸ் தோட்டங்களுக்கும் அமெரிக்காவின் யக்கிமா பள்ளத்தாக்குக்கும் இந்தக் கயிறு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறது. பியர் குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! கென்ட்டில் அந்தக் காலத்தில் உயரக் கம்பிகளில் கயிறு கட்ட, ஆட்கள் பொய்க்காலில் நடந்து போவார்கள்.

சரி, கொடியைக் கயிற்றில் ஏற்றுவது எப்படி? வசந்தத்தில் ஏகப்பட்ட துளிர் வரும். கயிறு ஒன்றுக்கு இரண்டு மூன்று நல்ல துளிரை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள். அரை மீட்டர் வளர்ந்ததும் சுற்றிவிடலாம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற திசையில் சுற்ற வேண்டும். அவரை இதற்கு நேரெதிர். பழக்கத்தில் அவரையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினால், ஹாப்ஸ் தானே பிரிந்து விழுந்துவிடும். சரியாகச் சுற்றிவிட்டால் அப்புறம் உங்கள் உதவி தேவைப்படாது. கொடி நன்றாக ஏறிய பிறகு, அடியில் முழங்கால் உயரம்வரை இலையைக் கிள்ளிவிடுங்கள். காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை நோய் குறையும்.

உயரக் கம்பத்துக்கு இடமில்லாதவர்கள் கென்ட்டின் வை கல்லூரியில் உருவான 'ஃபர்ஸ்ட் கோல்ட்' குட்டை ரகத்தை வாங்கலாம். இரண்டரை மீட்டருக்குள் அடங்கும், வேலியே போதும்.

செப்டம்பர் வாக்கில் பூவை நசுக்கிப் பாருங்கள். காகிதம்போலச் சரசரத்து, உள்ளே மஞ்சள் பொடி ஒட்டி மணத்தால் பறிக்கலாம். ஈரம் போக உலர்த்தி, காற்றுப் புகாமல் ஃப்ரீசரில் வையுங்கள். பறித்த கொடியைக் கயிற்றோடு மக்கவிடலாம். நைலானில் அது நடக்காது.

வீட்டில் நாய் இருந்தால் கவனம். ஹாப்ஸ் தின்றால் நாய்க்கு உடம்புச் சூடு தாறுமாறாக ஏறும், உயிருக்கே ஆபத்து. பியர் காய்ச்சி மிஞ்சிய சக்கையும் அப்படித்தான். அதை நாய்க்கு எட்டாத இடத்தில் கொட்டுங்கள். நன்றி, வணக்கம்.